இரவு இரண்டு மணிக்கு அலமாரிச் சாவி யாரிடம்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு ஏழு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். பிறந்தது குடியாத்தம் பக்கம், வாழ்க்கைப்பட்டது காட்பாடியில். கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஐந்து வயதில் ஒரு மகள். போன வருடம் இவருடைய அப்பா வாய்ப் புற்றுநோயால் வீட்டிலேயே இறந்திருக்கிறார். "கடைசிப் பத்து நாள் அப்பா வலியில் துடித்தார். நர்சாக இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இனி என் வேலை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்" என்கிறார்.

இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். ஒன்று, வேலூரை ஒட்டி ஒரு டிரஸ்ட் நடத்தும் 16 படுக்கை ஹாஸ்பிஸ், அதாவது நோய் முற்றியவர்களைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம். சம்பளம் 17,000 ரூபாய், ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட். அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது, வீட்டுக்கே வந்து பராமரிப்பு தரும் ஒரு கம்பெனி. சம்பளம் 30,000. சொந்த ஸ்கூட்டியில் மூன்று மாவட்டமும் சுற்ற வேண்டும். மூன்றாவது, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பாலியேட்டிவ் (நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் பணியிடம் அறிவித்தால் விண்ணப்பிப்பது.

அவருடைய பயங்களும் மூன்று. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தைக் கொடுத்து நோயாளி இறந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமா? ஐசியூவில் கற்ற தொழில் மறந்துபோகுமா? சேவை செய்யும் இடத்தில் சம்பளம் பேசுவது தப்பா? கூடவே மாமியாரின் மனத்தாங்கல்: "சாவு வீட்டு வேலைக்குப் போய்விட்டு அதே புடவையோடு குழந்தையைத் தூக்குவியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம். அவர் பட்ட வலிக்கு நீங்கள் காரணம் இல்லை. ஐசியூவில் எத்தனை வருடம் இருந்தாலும், வீட்டில் படுத்திருக்கும் ஒரு புற்றுநோயாளிக்கு மார்ஃபின் மாத்திரையை எப்படி ஆரம்பிப்பது, எப்படிக் கூட்டுவது என்று நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. தெரிந்திருந்தாலும் மருந்து கையில் இருக்க வேண்டுமே. பக்கத்து மருந்துக்கடையில் போய்க் கேட்டால் கிடைக்கிற மாத்திரை அல்ல அது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்தால், வாய்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு முதல் முறை டிரஸ்ஸிங் செய்யும்போது உங்களுக்கு அப்பா முகம் தெரியும். அது தப்பில்லை. அந்த நேரத்தில் "நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா, நான் முடிக்கிறேன்" என்று ஃபோர்செப்ஸைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு சீனியர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். மூன்று இடங்களையும் எடை போடும்போது இதை மறக்காதீர்கள்.

நான் 27 வருடம் நர்சாக இருந்தேன். அதில் 18 வருடம் பாலியேட்டிவ் பிரிவில், பாதி வார்டில், பாதி வீடு வீடாக. நான் முதலில் சேர்ந்த இடத்தைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். நல்ல மனிதர்கள், சுத்தமான கட்டில்கள், வாசலில் பூச்செடி. சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை இரவு டியூட்டி. நெசவு வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்குத் தாடையில் கட்டி. பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது. மார்ஃபின் பச்சைப் பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி நிர்வாகியிடம், நிர்வாகி சென்னையில் ஒரு கல்யாணத்தில். டாக்டர் போனை எடுக்கவில்லை. என்னிடம் இருந்தது பாராசிட்டமால். வாய் திறந்து கத்த முடியாததால் அவர் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். விடிந்தபோது அந்த டம்ளரின் விளிம்பு நசுங்கியிருந்தது. பூட்டிய பீரோவுக்கும் அவருக்கும் நடுவே ஆறடிதான்.

அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன எந்த இடத்திலும் நான் முதலில் கேட்டது இதுதான்: இரவு இரண்டு மணிக்குச் சாவி யாரிடம் இருக்கும்? நான் போன் செய்தால் எடுப்பது யார்? நீங்களும் இதையே முதலில் கேளுங்கள். சம்பளம், பாண்ட், சாப்பாடு எல்லாம் இதற்குப் பிறகு.

மார்ஃபின் பயம்

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமென்றால் பல லைசென்ஸ்களுக்குப் பல அலுவலகங்கள் ஏற வேண்டியிருந்தது. ஏன் இந்தத் தலைவலி என்று நிறையப் பேர் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு தலைமுறை டாக்டர்களும் நர்சுகளும் மார்ஃபினைத் தொடாமலே ஓய்வு பெற்றார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய' மருந்துகளாகத் தனியே பிரிக்கப்பட்டுள்ளன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒரே ஒரு அங்கீகாரம் வாங்கினால் ஒரு நிறுவனம் இவற்றை வாங்கி வைக்கலாம். அந்த அங்கீகாரம் நர்ஸ் பேரில் இல்லை, நிறுவனத்தின் பேரில். பொறுப்பு, அதற்கென்று நியமிக்கப்பட்ட பயிற்சி பெற்ற டாக்டருக்கு. டாக்டர் எழுதிய மருந்தை, எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுத்து ரெஜிஸ்டரில் எழுதும் நர்ஸ் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

மார்ஃபினால்தான் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பதும் சரியில்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அது உயிரைப் பறிப்பதில்லை. நோய் முற்றிய பிறகு கொடுப்பதால், மருந்துக்கும் மரணத்துக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். அங்கீகாரம் இல்லாமல் யாரோ ஒருவர் மூலம் வாங்கி வைத்திருக்கும் இடம். ஷிப்ட் மாறும்போது இருப்பை எண்ணிப் பார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போடாத இடம். உடைந்த ஆம்பூலை (ஊசி மருந்துக் குப்பியை) சாட்சி இல்லாமல் குப்பையில் போடும் இடம். டாக்டர் போனில் சொன்ன ஆர்டரை மறுநாள் வந்து எழுதிக் கையெழுத்துப் போடாத இடம். நாளைக்குக் கணக்கு உதைத்தால் அங்கெல்லாம் விரல் நீளுவது நர்சை நோக்கித்தான். ஆகவே அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், ரெஜிஸ்டரின் ஒரு பக்கத்தையாவது பாருங்கள்.

இன்னொரு சின்னக் கேள்வி. அங்கே டாக்டரைப் பார்த்தால், "மார்ஃபின் ஆரம்பிக்கும்போது மலமிளக்கியும் சேர்த்தே எழுதுவீங்களா சார்?" என்று கேளுங்கள். உடனே "ஆமாம், அது இல்லாமல் எப்படி?" என்பவர் இந்த வேலையைக் கையால் செய்தவர். நாலு மணிக்கு ஒரு தடவை மாத்திரை, படுக்கப்போகும்போது இரட்டை டோஸ், நடுவில் வலி வந்தால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸ் என்று அவர் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள். "வலிச்சா கொடுப்போம்" என்று மட்டும் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கத்தை, 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், அதற்கு முன் தொண்டராகப் போன இன்னொரு இல்லத்தில் பார்த்துத்தான் கற்றார். டாக்டர் ஆவதற்கு முன்னால் அவரும் நர்ஸ்தான்.

தொழில் மறந்துபோகுமா?

ஒடுகத்தூர் பக்கம் ஒரு வீடு. கன்னத்தில் புண் திறந்துகொண்ட ஒருவரை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். குடும்பம் கெட்டது என்று நினைக்காதீர்கள். நாற்றம் தாங்க முடியவில்லை, யாராலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. புண்ணைக் கழுவி, நாற்றத்தைக் குறைக்க மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடி செய்து தூவி, துணி கட்டினோம். மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்தோம். நாலாம் நாள் போனபோது கட்டில் கூடத்தில் இருந்தது. பேத்தி அவர் காலடியில் சிலேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வென்டிலேட்டர் அலாரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது தொழிலாகத் தெரியாமல் போகலாம். ஆனால் மானிட்டர் இல்லாமல் மூச்சைப் பார்த்தே நிலைமையைச் சொல்வது, தோலுக்கு அடியில் பட்டர்ஃபிளை ஊசி வைத்து மருந்து ஓட விடுவது, மகனுக்குத் தெரிய வேண்டியதையும் அப்பா கேட்க விரும்பாததையும் ஒரே அறையில் நின்று பேசுவது, இவையெல்லாம் கற்க வருடங்கள் ஆகும். உங்கள் ஐசியூ கண் இதற்கெல்லாம் பெரிய உதவி. "ஐசியூவில் மரணத்தைப் பார்த்துப் பழகிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மரணத்தோடு சண்டை போட்டுப் பழகியிருக்கிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவது வேறு, அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

அதனால் பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள். இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் நர்சுகளுக்கும் அடிப்படைச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. திருவனந்தபுரத்துப் பேலியம் இந்தியாவிலும் படிப்புகள் உண்டு. நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலேயே பாலியேட்டிவ் பிரிவு இருக்கிறது. படிக்க லீவு கொடுப்பார்களா, பீஸ் யார் கட்டுவது, முதல் மாதம் தனியாக இரவு டியூட்டி போடுவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சேவையும் சம்பளமும்

இங்கே உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. "சாகப்போகிறவர்களுக்குச் செய்கிற வேலையில் காசு பேசுவது பாவம் மாதிரி இருக்கிறது" என்கிறீர்கள். பாவம் இல்லைம்மா. டிரஸ்டில் அரிசிக்கடைக்காரருக்கும் கரண்டுக்கும் முழுப் பணம் கொடுக்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு மட்டும் புண்ணியத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. வயிறு காய்ந்தால் நர்ஸ் ஒன்றரை வருடத்தில் ஓடிவிடுவார், அவர் கற்றதும் கூடவே போய்விடும். நஷ்டம் கட்டிலில் இருப்பவருக்கு.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அமைக்கப்பட்ட குழு 2016-ல் ஒரு பரிந்துரை கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்றது அது. பரிந்துரைதான், அதை வைத்து நாளைக்கே வழக்குப் போட முடியாது. ஆனால் 17,000 என்று சொல்கிறவர் முன்னால் எடுத்து வைக்க அது போதும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (ஊழியர் காப்பீடு) இரண்டையும் கேளுங்கள். பொதுவாக 20 பேர் வேலை செய்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் ஈஎஸ்ஐ. டிரஸ்ட் என்ற பேருக்காகவே விலக்கு கிடைத்துவிடாது. சமையல்காரரையும் டிரைவரையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள், அவர்களும் ஊழியர்கள்தான்.

பாண்டும் அசல் சான்றிதழும்

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தரட்டும். படித்து வாங்கிய சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாண்ட் விஷயம் அவ்வளவு எளிதில்லை. "பாண்ட் எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போடு" என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனைதான் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு முன் போனால் நஷ்டம் கட்ட வேண்டும் என்ற பாண்டை, ஒரு வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பாண்டில் எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது, நியாயமான நஷ்டம்தான் கேட்க முடியும். ஆகவே அவர்கள் உங்கள் பயிற்சிக்கு உண்மையிலேயே பணம் செலவழித்தால், அந்தத் தொகை அளவுக்கு, மாதா மாதம் குறைந்துகொண்டே வரும் மாதிரி ஒரு வருட பாண்டுக்குச் சம்மதிக்கலாம். பயிற்சியே தராமல் பாண்ட் மட்டும் என்றால் மறுத்துவிடுங்கள்.

நான் வக்கீல் இல்லை. சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பாண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முப்பதாயிரம் தரும் கம்பெனி

பணத்துக்காக அங்கே போவது தப்பில்லை. ஆனால் 30,000-ல் பெட்ரோல் யார் கணக்கு? ஒரு நாளைக்கு எத்தனை வீடு? காட்பாடியில் கிளம்பிப் பேரணாம்பட்டில் ஒரு வீடு, அங்கிருந்து ஆற்காட்டில் ஒரு வீடு என்று ஓட விட்டால், நோயாளி பக்கத்தில் உட்கார இருபது நிமிடம்கூட மிஞ்சாது. சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் ஈஎஸ்ஐ கிடையாது. அப்படியானால் ரோட்டிலேயே வாழும் உங்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்துத் தருவார்களா? இரவு அழைப்புக்குத் தனியாகப் போகச் சொல்வார்களா, வண்டியும் கூட ஒரு ஆளும் வருமா?

இதைவிடப் பெரிய கேள்வி, டாக்டர் யார் என்பது. பலகையில் 'பாலியேட்டிவ்' என்று எழுதிவிட்டு, டிரிப்ஸ் போடவும் டியூப் மாற்றவும் மட்டும் ஆள் அனுப்பும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். "போன மாதம் உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் மார்ஃபின் எடுத்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் 'யாருமில்லை' என்றால் அது நர்ஸ் வாடகைக் கம்பெனி, அவ்வளவுதான். நோயாளி வீட்டில் இறந்தால் டாக்டர் வந்து பார்த்து 4ஏ படிவத்தில் இறப்புக் காரணம் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் குடும்பம் நடுராத்திரியில் டாக்டரைத் தேடி அலையும், கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். மிச்சமான மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பி எடுக்க அவர்களிடம் எழுத்தில் முறை உண்டா? ரசீது இல்லாமல் அதை உங்கள் கைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

அரசு வேலை பற்றிச் சுருக்கமாக. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பாலியேட்டிவ் நர்சும் வீடு வீடாகப் போகிறார். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வரும் ஒப்பந்தப் பணி அது, நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பகல் வேலை என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கு நல்லது. அறிவிப்பு வந்தால் போடுங்கள், அதற்காக இப்போது காத்திருக்க வேண்டாம்.

மாமியார்

அவரோடு வாதாட வேண்டாம். வந்ததும் குளித்து, துணி மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது எந்த மருத்துவமனை நர்சுக்கும் நல்ல பழக்கம்தான். அதனால் அந்த ஹாஸ்பிஸில் ஊழியர் குளித்து உடை மாற்ற அறை உண்டா என்று பாருங்கள். நீங்களே குளித்துவிட்டு வீட்டுப் புடவையில் வாசலுக்கு வந்தால் பாதிச் சண்டை முடிந்தது. மீதிக்கு, உங்கள் அப்பாவின் கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்தானே அவரும். அன்று அங்கே ஒரு நர்ஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாள் சாயங்காலம் நிதானமாகக் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

டிரஸ்ட் ஹாஸ்பிஸுக்குத்தான் போவேன், அதுவும் நிபந்தனையோடு. சீனியர் பக்கத்தில் இருந்து கற்க வேண்டிய முதல் இரண்டு வருடத்தை ஸ்கூட்டியில் தனியாகக் கழிப்பது உங்களுக்கும் நல்லதில்லை, நோயாளிக்கும் நல்லதில்லை. ஆனால் மார்ஃபின் அங்கீகாரம் இல்லையென்றால் போக மாட்டேன். 16 படுக்கைக்கு இரவில் ஒரே நர்ஸ், உதவிக்கு ஆளே இல்லை என்றாலும் போக மாட்டேன். சம்பளத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தால் பேசிப் பார்ப்பேன், இந்த இரண்டிலும் பேச்சே கிடையாது.

கையெழுத்துக்கு முன் ஒரு பகலும் ஒரு இரவும் அங்கே இருக்க அனுமதி கேளுங்கள். நோயாளிகளின் அந்தரங்கம் என்று தயங்கினால் அது நியாயம்தான், நர்ஸ் ஸ்டேஷனில் உட்காரவாவது கேளுங்கள். வார்டுக்குள் விட்டால் நோயாளிகளின் வாயைப் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்து கிடந்தால், சுவரில் எவ்வளவு அழகான வாசகம் எழுதியிருந்தாலும் அங்கே பராமரிப்பு நடக்கவில்லை. குதிகாலைப் பாருங்கள், படுக்கைப் புண் வரும் இடங்களில் அதுவும் ஒன்று. யாராவது கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள். கஞ்சி வேண்டாம், காபி வேண்டும் என்று ஒருவர் கேட்டால் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதி வைக்க 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இடம் கொடுத்தது, 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. இவர்கள் கேஸ் ஷீட்டில் அந்த விருப்பத்தை எழுதுகிறார்களா என்று கேளுங்கள். கடைசியாக, போன வருடம் வேலையை விட்டுப் போன ஒரு நர்சின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். ஏன் போனார் என்று கேட்டுவிட்டு, திரும்பக் கூப்பிட்டால் போவாரா என்றும் கேளுங்கள்.

அடுத்த வாரமே போன் செய்து நாள் கேளுங்கள். இரவுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு சின்ன நோட்டு, சான்றிதழ்களின் ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.